காற்றில் வரும் செய்தி

புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து பாக் நீரிணைக்குச் செல்லும் மீனவர்க்கு, 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஜி.பி.எஸ். கருவியே அதை உணர்த்துகிறது. அதன் செய்தியைக் கம்பியில்லா இணைப்பி வழியே திரைக்கு அனுப்புங்கால், எழுத்துகள் சிதைந்தால் என் செய்வது?

முதலில் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் சிதைந்தால் குற்றம் காற்றினுடையதன்று, வேகத்தை நோக்குங்கள். என்.எம்.இ.ஏ. 0183 முறையின் வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட். பெறும் கருவியும் அவ்வேகத்திலேயே அமைதல் வேண்டும். கம்பியில் செம்மையாக வந்தால், இணைப்பியின் வேகத்தைச் சரிபாருங்கள். பின்னர் அதனை எஞ்சின் இரும்பின் மறைவினின்று விலக்கி உயரத்தில் வையுங்கள்.

செய்தி நின்றபின்னும் பழைய இடத்தையே திரை காட்டக்கூடும். ஆதலின் செய்தியோடு வரும் நேரத்தைக் கவனியுங்கள். நேரம் நகராவிடில் திரையை நம்பலாகாது. படகு எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கலாம்.