ரோப்கார் ஓடாத நாளுக்கும் ஒரு திட்டம்

(மூத்த குடிமக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழனி மலைக்கு ரோப்காரில் போகாதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பீர்கள். சில நிமிடப் பயணம்தான். ஆனால் மேலே போகப்போக வையாபுரிக் குளமும் இடும்பன் மலையும் தென்னந்தோப்புகளும் கீழே விரியும். தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். முழங்கால் வலியால் இருபது வருஷமாக மலையேறாத பெரியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பழனியில் வின்ச் 1966-லிருந்தும் ரோப்கார் 2004-லிருந்தும் ஓடுகின்றன. படி ஏற முடியாத லட்சக்கணக்கான பேருக்கு முருகனைப் பார்க்க இவைதான் வழி. இந்த வசதியை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆடி மாதம். அம்மாவுக்கு அப்போது 71 வயது, சர்க்கரை உண்டு. குடும்பத்தில் பதினோரு பேர் வேன் பிடித்துப் போனோம். ரோப்கார் நிலையத்துக்குப் போனால் ஊழியர் ஒருவர், “காத்து அதிகமா இருக்குங்க, நிறுத்தியிருக்கோம். வின்ச்சுக்குப் போயிடுங்க” என்றார். அங்கே போனால் நீண்ட வரிசை. “யானைப் பாதையில மெதுவா போயிடலாம்மா, கொஞ்ச தூரந்தான்” என்று சொன்னது நான்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. தரிசனம் முடித்துத்தான் சாப்பிடுவேன் என்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் இருந்த பை வேனில். செல்போன் கீழே பாதுகாப்பு அறையில். என் தம்பி குழந்தைகளோடு படிவழியாக முன்னால் போய்விட்டான். அந்த நேரம் கீழே இறங்கி வந்த ஒரு அம்மா தன் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி கொடுத்தார். சிறிது நேரத்தில் அம்மாவுக்குத் தெளிவு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, “முடியலைன்னு சொல்லியிருக்கலாமே அம்மா” என்று கேட்டேன். “நான் வரலைன்னு சொன்னா நீங்க எல்லாரும் திரும்பிடுவீங்க. அதான் சொல்லலை” என்றார்.

இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் “என்னால முடியல” என்று சொன்னாலும் மற்றவர்களின் பயணம் கெடாது என்கிற மாதிரி நாம்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலாவது, நாள் பார்ப்பது. ரோப்காரை மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, வடம், பற்சக்கரம், பெட்டிகள் எல்லாவற்றையும் சோதிக்க, சுமார் ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்துவார்கள். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். ஆனாலும் கிளம்புவதற்கு முதல் நாள் கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை, தொடர் விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். பெரியவர்களோடு போவதென்றால் சாதாரண வார நாளில் அதிகாலையில் போய்ச் சேருங்கள். கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு.

இரண்டாவது, காற்று. ரோப்கார் பெட்டி வடத்தில் தொங்குகிறது. பக்கவாட்டில் பலத்த காற்று அடித்தால் பெட்டி ஆடும். ஆடுகிற பெட்டி தூணுக்குப் பக்கத்திலோ நிலையத்துக்குள் நுழையும்போதோ மோத வாய்ப்பு உண்டு. அதனால்தான் காற்று வேகம் கூடினால் நிறுத்துகிறார்கள். இடி மின்னலுக்கும் அப்படியே. ஆனி, ஆடியில் இது அடிக்கடி நடக்கும். “இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரே ஒரு நடை விடுங்க” என்று ஊழியர்களிடம் சண்டை போடாதீர்கள். நிறுத்துகிறவர் நம் உயிருக்காகத்தான் நிறுத்துகிறார். வின்ச் தண்டவாளத்தில் போவதால் காற்றின் பாதிப்பு அதற்குக் குறைவு. ரோப்கார் நின்றால் வின்ச், அதிலும் நேரமாகும் என்றால் யார் மேலே போவது, யார் கீழேயே இருப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். கீழே இருப்பவரோடு துணைக்கு ஒருவர் இருக்கட்டும். அடிவாரத்திலேயே திருஆவினன்குடி கோயில் இருக்கிறது. அங்கே நிதானமாகத் தரிசனம் செய்யலாம். மலை ஏறாதவருக்கும் அன்றைக்கு முருகன் தரிசனம் உண்டு.

மூன்றாவது, கையில் இருக்க வேண்டியவை. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் திரிகூட மலையில் ரோப்கார் விபத்து நடந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பெட்டிகளில் சிக்கிய பலரை மீட்டு முடிக்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் சில நிமிடப் பயணம்தானே என்று தண்ணீரையும் மாத்திரையையும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வழியில் பெட்டி நின்றால் கதவைத் திறக்க முயலாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள், ஆட்டாதீர்கள். அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் என்று ஊழியர் சொல்கிறாரோ அத்தனை பேர்தான். குழந்தைதானே என்று கூடுதலாக ஒருவரை ஏற்றச் சொல்லாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள். சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாயோ வெல்லமோ இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. கோயில் மருத்துவ மையத்துக்கு ஆள் அனுப்புங்கள், 108-ஐ அழையுங்கள். இன்னொன்று, பாதம் மரத்துப்போனவர்களுக்கு உச்சி வெயிலில் கல் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விரிப்பு போட்ட இடத்திலேயே நடங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

நான்காவது, ஒருவரை ஒருவர் தொலைக்காமல் இருப்பது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்கு செல்போன் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே சொல்லிவையுங்கள். “பாத விநாயகர் கோயில் முன்னாடி, பன்னெண்டு மணிக்கு” என்கிற மாதிரி இடமும் நேரமும் தெளிவாக இருக்கட்டும். ரோப்கார் நிலையமும் வின்ச் நிலையமும் ஒரே இடத்தில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். குழந்தைகள், மறதி உள்ள பெரியவர்கள் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் ஒப்படைத்துவிட்ட உங்கள் நம்பரை எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஊரில் வீட்டில் இருக்கிற ஒருவரின் நம்பரை எழுதுங்கள். கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்கள் போக முடியாது. வேன் நிற்கும் இடத்திலிருந்து நிலையம் வரை பெரியவர்கள் நடக்கச் சிரமப்பட்டால், கோயில் பேட்டரி கார் எங்கே கிடைக்கும் என்று இறங்கியவுடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இறங்குவது. மேலே போனதும் பாதிப் பேர் திட்டத்தை மறந்துவிடுகிறோம். காலையில் ஓடிய ரோப்கார் மாலையில் காற்றுக்கு நிற்கலாம். இறங்கும் வரிசை எவ்வளவு நீளம், கடைசி நடை எப்போது என்று மேலே போனவுடன் கேட்டுவிட்டு அப்புறம் தரிசனத்துக்குப் போங்கள்.

2024-ல் 1,305 படிகள் கொண்ட சோளிங்கருக்கும் 1,017 படிகள் கொண்ட அய்யர்மலைக்கும் ரோப்கார் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்பியவர்கள் இப்போது மேலே போகிறார்கள். பழனிக்குச் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கிளம்பும் முன்பே, “அம்மா, இன்னைக்கு முடியலைன்னா கீழேயே இருந்துக்கலாம், நான் உங்க கூட இருக்கேன்” என்று சொல்லிவிடுவோம். போன தை மாதம் அம்மா அப்படித்தான் திருஆவினன்குடியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முறை வைத்து மேலே போய் வந்தோம். யாருக்கும் மனக்குறை இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே சொல்லுங்கள்.