கயிலையில் எதிர்ப்பட்டவர்



ஆதிபுரீசுவரப் பெருமானும் வடிவுடை நாயகியும் எழுந்தருளியிருக்கும் இச்சந்நிதியில் திருக்கயிலையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். கயிலையில் உமையம்மைக்கு மலர்த்தொண்டு புரிந்த அநிந்திதையாரே, ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராகத் தோன்றி, இங்கே மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார் என்பது சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு. ஆகவே ஒற்றியூரார்க்குக் கயிலை யாத்திரை என்பது நம் சங்கிலியாரின் தாய்வீட்டுக்குப் போய்வருவது போன்றதே!

1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நெடுநாள் அடைபட்டிருந்த அவ்வழி 1981-இல் திறந்தது. பின்னர் 2020 முதல் ஐந்தாண்டுகள் நம் அரசு நடத்தும் யாத்திரை தடைப்பட்டு, 2025-இல் மீண்டும் தொடங்கியது. சென்று மீண்ட அன்பர் ஒருவர், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், என்னிடம் வந்து வருந்தினார்.

"ஐயா! மலையை வலம் வருகையில், எதிரே இடமாகச் சிலர் வந்தனர். பெருமானை அவமதிக்கின்றார்களே என்று சினந்து, குறுகிய பாதையில் வழிவிடாது நின்றேன். அவர்களுள் ஒரு மூதாட்டி பாறைமேல் தவழ்ந்தேறி எனக்கு வழிவிட்டாள். அவள் முகம் கண்ணை விட்டகலவில்லை" என்றார்.

அம்மூதாட்டி 'பொன்' சமயத்தவளாதல் வேண்டும். தங்கத்தைக் குறிக்கும் நம் சொல்லன்று. திபெத்தின் தொன்மையான சமயத்தின் பெயர் அது. அவர்கள் இடமாகச் சுற்றுவதே முறை. பௌத்தர்க்கு அம்மலை சக்கரசம்வரர் உறையும் இடம். சமணர்க்கோ இடபதேவர் வீடுபேறடைந்த அட்டாபதம். சற்றேறக்குறைய 52 கிலோமீட்டர்ச் சுற்று அது. நம்மவர் மூன்று நாளில் முடிப்பதை, விழுந்து விழுந்து வணங்கியே பல நாள் கடப்பவரும் உளர். 6,638 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தின்மேல் கால்வைக்க இந்நான்கு சமயத்தாருள் எவரும் நினைப்பதில்லை. சுற்றி வணங்குவதோடு நிற்கின்றனர்.

காரைக்காலம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார். அந்த என்புருவைக் கண்டு உமையம்மையே வியந்து வினவினார். பெருமானோ அவரை 'அம்மையே' என்று அழைத்தருளினார். வரும் விதத்தைப் பார்த்தா அவ்வழைப்பு வந்தது?

அன்பரை நான் கேட்டேன்: "பிரதோஷந்தோறும் இங்கு வருகின்றீரே, சோமசூக்தப் பிரதட்சிணம் செய்வதுண்டா?"

"தவறியதில்லை."

"அதில் சண்டிகேசுவரர் வரை எவ்வாறு செல்கின்றீர்?"

அவர் வாய் திறக்கவில்லை. நந்தியெம்பெருமானிடமிருந்து இடமாகச் சென்று, திரும்பி வலமாகக் கோமுகி வரை வந்து, அதனைக் கடவாது மீள்கின்றோம். பெருமானை இடமாகவும் சுற்றுவது நம் ஆலயத்திலேயே உள்ள வழிபாடு. அன்று அவரை எவரும் மறித்ததில்லை.

நெடுநேரம் கழித்து, "இதற்குப் பிராயச்சித்தம் யாது?" என்றார்.

"அடுத்த பிரதோஷத்தில் எதிரே வருவோர்க்கெல்லாம் ஒதுங்கி வழிவிடும்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கூட்டத்தில் ஒதுங்குவதற்குப் பாறைக்கு எங்கே போவேன்?" என்றார்.