பச்சை மிளகாயும் ஒரு சிப்தான்!



சாக்லேட் சிப் குக்கீயின் மவுசுக்குக் காரணம் மாறாத செய்முறையா, ஓயாத மாற்றமா? இதுதான் இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "ராகியைப் போடுகிறேன், முட்டையை எடுக்கிறேன் என்று அசலைக் குட்டிச்சுவர் ஆக்குகிறீர்கள்" என்று பொரிந்து தள்ளினார்கள். எல்லாம் சரி அக்கா, அந்த அசல் எது என்று கடைசிவரை சொல்லவே இல்லையே! நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், விட்மன் என்ற ஊர். அங்கே டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தியவர் ரூத் வேக்ஃபீல்டு. ஐஸ்கிரீமோடு அவர் பரிமாறிய கொட்டைப் பருப்பு பிஸ்கட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற சரக்கை மாற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா மாற்றினார். சாக்லேட் கட்டியை உடைத்துத் துண்டுகளாக மாவில் கலந்தார். 1938-ல் அது அவருடைய சமையல் புத்தகத்தில் ஏறியது. சாக்லேட் கை தவறி மாவில் விழுந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது, நம்பாதீர்கள். மனையியல் முறையாகப் படித்தவர் அவர், யோசித்துத்தான் செய்தார். சில ஆண்டுகளிலேயே நெஸ்லே நிறுவனம் சிப்ஸை ஆயத்தமாக விற்கத் தொடங்கியது. எதிரணி கட்டிக் காக்கிற அசல், பிறக்கும்போதே ஒரு மாற்றம்!

பிறகாவது நின்றதா? பழுப்புச் சர்க்கரை கூடினால் ஈரம் தங்கி மெத்தென்று வரும். வெள்ளைச் சர்க்கரை கூடினால் மொறுமொறு. மாவைக் குளிரவைத்துச் சுட்டால் பரவாமல் கனமாக எழும். ஒரே செய்முறைதான் என்பவர்கள், இந்த மூன்றில் எது 'ஒரே' என்று சொல்லட்டும்.

இப்போது நம்ம பெங்களூருக்கு வருவோம். மெஜஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் சிக்பேட்டை. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் 1898-ல் அங்கே பி.பி. பேக்கரியைத் தொடங்கினார். ரொட்டி சுடும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர் என்பார்கள். வித்தையை வாங்கிக்கொண்டார், முட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. அதிலிருந்து கிளைத்ததுதான் இன்று தெருவுக்குத் தெரு நிற்கும் ஐயங்கார் பேக்கரி. முட்டையை எடுத்தால் கெட்டுவிடும் என்கிறீர்களே, நூறு ஆண்டுக்கு மேலாக பெங்களூரு எதைத் தின்று வளர்ந்தது?

அந்தப் பேக்கரியின் காரா பிஸ்கட்டை எடுத்துப் பாருங்கள். மைதா, வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை. நடுநடுவே பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்துமல்லி. கடிக்கும்போது எங்கே உறைக்கும் என்று தெரியாது. சாக்லேட் சிப் குக்கீயில் எங்கே இனிக்கும் என்று தெரியாதே, அதே கதைதான்! சாதுவான மாவுக்குள் ஒரு குறும்பு. அந்தக் குறும்புதான் இந்தப் பண்டத்தின் உயிர். அதைச் சாக்லேட் செய்தால் என்ன, மிளகாய் செய்தால் என்ன? ஒரு டீயை இரண்டாகப் பங்கிட்டு 'பை-டூ' வாங்கி, நின்றுகொண்டே பிஸ்கட் கடிக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். பட்டிமன்றத்துக்கு வந்தால்தான் மறந்துபோகிறது.

அதற்காக எல்லா மாற்றத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை, நடுவர் அவர்களே. கொக்கோ வெண்ணெய் விலை அதிகம் என்று அதற்குப் பதில் மலிவான தாவர எண்ணெய் சேர்த்த கட்டியைத் துண்டாக்கிப் போடுகிறார்கள். வெயிலில் சீக்கிரம் உருகாது, உண்மை. வாயிலும் உருக மாட்டேன் என்கிறதே! அது செலவைக் குறைக்கிற வேலை. சுவைக்காகச் செய்கிற மாற்றத்தோடு அதைச் சேர்த்து எண்ணி எங்கள் அணி மேல் பழி போடாதீர்கள்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. அக்காவிடம் ஒரே கேள்வி. முட்டை தொடாத வீட்டுப் பிள்ளை ஒன்று, மைதா ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று, இனிப்பே பிடிக்காத தாத்தா ஒருவர். மூன்று பேரும் உங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறார்கள். உங்கள் அசல் தட்டிலிருந்து யாருக்கு எதை எடுத்து நீட்டுவீர்கள்? பதிலைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடருங்கள்.