யாருடைய சுயராஜ்யம்?



2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த ஜவ்வாது மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். இங்கே நின்று விடுதலை பற்றிப் பேசும்போது அந்த நாளைத் தாண்டிப் போக நம்மால் முடியாது.

வெள்ளைக்காரன் போய் அவனுடைய ஆட்சிமுறை மட்டும் நின்றால் அது சுயராஜ்யம் ஆகாது என்று 1909இல் காந்தி எழுதினார். சரிதான். வெள்ளையர் 1882இல் போட்ட வனச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஆனால் தனிமனிதனிடம் அவர் கேட்டது தன்னைத்தானே அடக்கியாளும் பயிற்சியை. சாமை விளைத்தும் வயிறு நிறையாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு லாரி ஏறுகிறவனிடம் இன்னும் எதை அடக்கச் சொல்வது?

அகிம்சை என்றதும் தண்டிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு மூன்று ஆண்டு முந்தியது மகாடு. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு நம்மவர்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஆயுதம் ஏந்தவில்லை; அடிபட்டவர்களும் அவர்களே. தனிமனித விடுதலை என்பது அங்கே பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர்.

2006 வன உரிமைச் சட்டம் தனிமனிதனின் நில உரிமையையும் ஊரின் பொது உரிமையையும் சேர்த்தே பேசுகிறது. அதைத் தீர்மானிக்கும் வேலையைக் கிராம சபை தொடங்க வேண்டும் என்கிறது. அம்பேத்கரோ கிராமத்தை நம்பவில்லை. 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அதைச் சொன்னார். சேரியை ஒதுக்கிவைத்த ஊரை அவர் பார்த்திருந்தார். மலையூரின் சபை வேறுமாதிரி இருக்குமா? சுடப்பட்டவர்களின் மனைவிமார் அங்கே எழுந்து பேசட்டும், பிறகு சொல்கிறோம்.