பிள்ளையை அளக்கும் கோல்

(தொழிற்சங்கப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



மட்டப் பஞ்சைக் கொடுத்துவிட்டு, "நூல் ஏன் அறுகிறது?" என்று மேஸ்திரி அதட்டினால் நமக்குக் கோபம் வராதா? படிப்பிலும் இதே கதை உண்டு. இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை. பிறகு தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பலர் பி.டி.இ.சி. என்ற தொழிற்படிப்பில் சேருகிறார்கள். பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று அதில் தரங்கள் உண்டு.

தரத்தை மட்டும் பார்த்தால், நல்ல மார்க்குக்காரரைப் பொறுக்கிச் சேர்த்த கல்லூரிதான் ஜெயிக்கும். ஆகவே வேறு கோல் வகுத்தார்கள். 16 வயதில் இதே மார்க் வாங்கியவர்கள், தேசம் முழுவதும், இதே படிப்பில் சராசரியாக எந்தத் தரம் பெற்றார்கள்? இந்தப் பிள்ளை அதற்கு மேலா, கீழா? பஞ்சைப் பார்த்து நூலை மதிப்பது போன்ற நியாயமான கணக்கு இது.

ஆனால், தோழர்களே, சராசரி என்றாலே சிலர் கீழே நிற்பார்கள். எல்லோரும் முன்னேறினாலும் அப்படித்தான்! பஸ் கட்டணம் இருந்ததா, இரவில் வேலைக்குப் போனானா என்று அந்தக் கோல் கேட்பதில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுன் வரை கிடைத்த படிப்புதவியை 2011இல் இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்த நிதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

கோல் இருக்கட்டும். பின்தங்கியவனைத் தூக்கிவிட அது பயன்படட்டும். பிள்ளையை அளக்கிற சர்க்கார், தான் கொடுத்ததையும் அளந்து காட்டட்டும்!