கதவைத் திறந்துவிட்டது வானம்!

நடுவர் அவர்களே! எங்களைக் களையெடுக்க வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! காவிரிக்கரை மோகனூர்ப் பெருமக்களே!

அயல்நாட்டுச் செடிகள் பரவக் காரணம் மனிதனின் அலட்சியமா, மாறிவரும் பருவநிலையா? பருவநிலையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "சீமைக் கருவேலம் தானாவா வந்துச்சு? 1870-களில் வெள்ளைக்காரன்தானே விதையைக் கொண்டாந்தான்?" உண்மைதாங்க. ஆனா விருந்தாளியா வந்தவன் வீட்டுக்காரனா ஆனது எப்படி? அதையல்லவா சொல்லணும்!

இந்த ஊரிலே என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. சோளம் கருகிப் போச்சு. காட்டை அப்படியே போட்டுட்டார். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா பச்சைப்பசேல்!

அத்தைக்குச் சந்தோஷம். "ஏனுங்க, நம்ம காடு மட்டும் செழிச்சுக் கெடக்குதுங்க!"

மாமா சொன்னார்: "கிட்டப் போய்ப் பாரு. முள்ளுக் குத்தும்!" (சிரிப்பு)

ஆடு காயைத் தின்னும். புழுக்கையோடு விதை விழும். பயிர் நிற்கிற, உழவு ஓடுகிற நிலத்தில் அது சுலபமாகத் தலைதூக்காது. நிலம் தரிசானால் ஆழத்துக்கு வேர் விட்டு உட்கார்ந்துகொள்ளும். சரி, மழை பெய்தால் போய்விடுமா? 2018 ஆகஸ்டில் இதே காவிரியில் வெள்ளம். வெள்ளத்தில் காய் மிதந்து போய்ப் புது இடத்தில் இறங்கும். காய்ந்தாலும் லாபம், பெய்தாலும் லாபம்! வட்டிக்கடைக்காரர்கூட இப்படிச் சம்பாதிக்க முடியாது! (கைதட்டல்)

ஒரு வருஷத்து வறட்சிக்கே பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூமி சூடேற ஏற, காய்ச்சலும் கடுமையாகும், பெய்தால் கொட்டவும் செய்யும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இரண்டுமே இந்த மரத்துக்குக் கொண்டாட்டம்.

"வெட்டினால் தீர்ந்தது" என்றார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது. மாமாவும் வெட்டினார். கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது! அப்புறம் வேரோடு தோண்டி, கையோடு கொள்ளு விதைத்து, வரப்போரம் வேம்பும் புங்கனும் வைத்தார். இன்றைக்கும் கன்று எட்டிப் பார்க்கிறது. அவரும் பிடுங்கிக்கொண்டேதான் இருக்கிறார். மண்ணைக் காலியாக விடாமல் இருப்பதுதான் மருந்து.

"பூமியைச் சூடாக்கியதே மனிதன்தானே?" என்பார்கள். ஆமாங்க! அன்றைக்கு விதை போட்டது ஒரு தப்பு. வானத்தையே அதற்குச் சாதகமாக மாற்றியது அதைவிடப் பெரிய தப்பு. முதல் தப்புக்கு மண்வெட்டி போதும். இரண்டாவதற்கு?

அதனால்தான் பருவநிலையே என்கிறேன். (பலத்த கைதட்டல்)