காசியில் முதல் நாள்



காசிக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் என் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஊர்ச் சந்துல நுழைஞ்சா வெளிய வரத் தெரியாதுடி" என்றார். அத்தை சொன்னது சரிதான். போய் இறங்கி அரை மணி நேரத்தில் வழி தப்பிவிட்டேன்.

கோதௌலியா நாற்சந்தி. சைக்கிள் ரிக்‌ஷாவும் பேட்டரி ரிக்‌ஷாவும் மோட்டார் சைக்கிளும் முட்டி மோதிக்கொள்கிற இடம். நட்ட நடுவில் ஒரு காளை படுத்து அசை போடுகிறது. அதை யாரும் விரட்டவில்லை, எல்லா வண்டியும் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அங்கிருந்து தங்குமிடத்தைத் தேடி ஒரு சந்துக்குள் நுழைந்தேன். இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத அகலம். பெருங்காயம் மணக்கக் கச்சோரி பொரிகிறது. கைப்பேசி வரைபடமோ என்னைச் சுவருக்குள் நடக்கச் சொல்கிறது!

அப்போது பின்னாலிருந்து "ராம் நாம் சத்ய ஹை" (ராம நாமமே சத்தியம்) என்று குரல் வந்தது. திரும்பினால் மூங்கில் பாடை. ஜரிகை போட்ட மஞ்சள் துணி, அதன்மேல் சாமந்தி. சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். பாடையின் மூங்கில் முனை என் பையை உரசிக்கொண்டு போயிற்று. ஜிலேபிக் கடைக்காரர் ஒரு கையால் கும்பிட்டார், மறு கையிலிருந்த தராசைக் கீழே வைக்கவில்லை. சாவை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு இயல்பாக நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். மண் குவளையில் டீயை நீட்டிய பெரியவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கையைச் சரிவாகக் காட்டி, "நீச்சே, தீதி, நீச்சே" என்றார். கீழே போ, அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லில் காசியின் அமைப்பே இருக்கிறது, நேயர்களே. தெற்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் ஓடிவரும் கங்கை இங்கே வடக்கே திரும்புகிறது. பழைய ஊர் முழுவதும் மேற்குக் கரை மேட்டில் இருக்கிறது. எதிர்க்கரையில் வெறும் மணல்தான். அதனால் கீழே இறங்கும் சந்து எதைப் பிடித்தாலும் கடைசியில் ஒரு படித்துறை வந்துவிடும். அசியிலிருந்து ராஜ்காட் வரை 80-க்கும் மேற்பட்ட படித்துறைகள். ஆற்றைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு, இடப்பக்கம் வடக்கு. வேறு வரைபடம் வேண்டாம்.

கீழே இறங்கி ஆற்றங்கரைக்கு வந்து வலப்பக்கம் நடந்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள் தெரிந்தன. கேதார் காட் என்ற படித்துறை. மேலேயிருந்து "எந்த ஊரும்மா?" என்று ஒரு தமிழ்க் குரல். அழுதுவிடுவேன் போலிருந்தது. தமிழர்களுக்கு இந்தத் துறை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் தமிழ்த் துறவி குமரகுருபரர் காசிக்கு வந்து மடம் நிறுவினார். அந்த மடம் இன்றும் கேதார் காட்டில் இருக்கிறது. இன்னும் சற்றுத் தெற்கே, அனுமன் காட்டில், 1898-இல் தன் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த கவிஞர் பாரதி சில ஆண்டுகள் படித்து வளர்ந்தார். அவரும் இந்தச் சந்துகளில் முதல் நாள் திகைத்துத்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அகல்யாபாய் ஹோல்கர் 1780-இல் கட்டிய விசுவநாதர் கோயிலை மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன். முதல் நாளே வரிசையில் நின்று களைத்துவிட்டால் ஊர் கண்ணில் படாது. நடக்கத் தோதான காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் வெள்ளம் கீழ்ப்படிகளை மூடிவிடும். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கரையோடு போக முடியாது.

மாலையில் வடக்கே மணிகர்ணிகைக்குப் போனேன். இரவு பகலாகச் சிதைகள் எரியும் துறை அது. விறகு ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிக் கிடக்கிறது. மொட்டை அடித்துக்கொண்டு, தைக்காத வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பையன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தான். அவனுக்கு 20 வயதுகூட இருக்காது. அந்த நேரம் ஆற்றில் ஒரு படகு நின்றது. அதிலிருந்து நாலைந்து கைப்பேசிகள் அவனை நோக்கி உயர்ந்தன.

காசிக்குப் போகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மணிகர்ணிகையில் நில்லுங்கள், கும்பிடுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். கைப்பேசியை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.